பெட்டிக்குள் கிடக்கும் இயந்திரம்: சிறிய சிஎன்சி மெசினோடு தொடங்குபவர்களுக்கு

கனடாவில் இருக்கும் தம்பி கப்பலில் போட்டுவிட்ட பெட்டி ஏழு மாதமாக என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் அவனுடைய முதல் கேள்வி அதுதான். "அண்ணா, மெசின் பூட்டியாச்சோ?" "பூட்டிக்கொண்டிருக்கிறன்" என்பேன். உண்மையில் பெட்டியைத் திறந்து, அலுமினியத் துண்டுகளையும் வயர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடி வைத்திருந்தேன். அதன் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கமும் இப்படி மூடியபடி கிடக்கும் இன்னும் மூன்று பெட்டிகளைக் கண்டுவிட்டேன். ஒன்று வெளிநாட்டு உறவினர் அனுப்பியது. இன்னொன்று வாழ்வாதார உதவி என்று ஒரு ஊர்ச் சங்கத்துக்கு வந்தது. மூன்றாவதை வாங்கியவர் அதற்காகக் கடன் எடுத்திருந்தார்.

அந்தப் பெட்டிகளை வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், அனுப்பலாமா என்று யோசிக்கும் வெளிநாட்டு உறவுகளுக்குமாகவே இதை எழுதுகிறேன். கடன் எடுத்தவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சிஎன்சி என்பது கணினி கொடுக்கும் எண்களின்படி தானாக நகர்ந்து வெட்டும் இயந்திரம். தச்சுப் பட்டறைகளில் ரவுட்டரைக் கையால் பிடித்துப் பலகையில் ஓட்டுவார்கள். இங்கே அந்தக் கையின் வேலையை மூன்று மோட்டர்கள் செய்கின்றன. ஒன்று இடம் வலமாகவும், ஒன்று முன் பின்னாகவும், ஒன்று மேல் கீழாகவும் நகர்த்தும். வீடுகளுக்கு வரும் சிறிய வகைகளில் பெரும்பாலானவை '3018' என்ற இனம். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 சென்ரிமீற்றர் நீளம், 18 சென்ரிமீற்றர் அகலம். உயரம் 4.5 சென்ரிமீற்றர் வரை. ஒரு பள்ளிக் கொப்பியை விரித்து வைத்த அளவை விடச் சிறியது. கதவும் கட்டிலும் செய்யும் மெசின் இது அல்ல என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணால் ஓடும் இயந்திரம் போர்த் தேவைக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்ரர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடினார். 1949இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் கொடுத்தது. 1952இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட முதல் மெசின் ஓடிக் காட்டப்பட்டது. அது ஒரு அறையை நிறைக்கும் கருவி. இன்று நம் மேசைக்கு வந்திருப்பதற்குக் காரணம், 2009இல் நோர்வேயில் ஒருவர் எழுதத் தொடங்கிய ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஆர்டுயினோ என்ற மலிவான மின்பலகையில் அது ஓடும். எந்த நிறுவனத்துக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பூட்டுவது அல்ல. மின்வழங்கிப் பெட்டியைத் திருப்பி அதன் பக்கத்தைப் பாருங்கள். கனடா, அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230. சில மின்வழங்கிகளில் '100 முதல் 240' என்று எழுதியிருக்கும். அவை எங்கும் வேலை செய்யும். வேறு சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறிய சிவப்பு ஆளி இருக்கும், 115 அல்லது 230 என்று மாற்றுவதற்கு. அது 115இல் இருக்கும்போது நம் சுவரில் செருகினால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடிந்துவிடும். ஊர்ச் சங்கத்துக்கு வந்த மெசினுக்கு அதுதான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொஞ்சம் பெரிய மெசின்களில் மரவேலை ரவுட்டரையே வெட்டும் மோட்டராகப் பூட்டுவார்கள். அங்கே வாங்கும் ரவுட்டர் 120 வோல்டுக்கானது. அதை இங்கே நேரடியாக ஓட்ட முடியாது.

பூட்டும்போது அவசரம் வேண்டாம். சட்டத்தின் நான்கு மூலைகளும் செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக வந்தால் சரி. கதவு நிலை பூட்டும் எந்த மேசனுக்கும் தச்சருக்கும் தெரிந்த பழைய முறைதான். நான் இதைச் செய்யாமல் விட்டேன். நான் வெட்டிய முதல் சதுரம் சரிந்த பெட்டி போல வந்தது. மென்பொருளில் பிழை தேடி இரண்டு இரவு போனது. பக்கத்து வீட்டுத் தச்சர் வந்து மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்து, மெசின் சொன்ன தூரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மோட்டர்கள் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். மின்பலகை ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிக்கும். மோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது திருகுத் தண்டு 4 மில்லிமீற்றர் நகர்த்தினால், ஒரு மில்லிமீற்றருக்கு 800 படி. பல 3018களில் இந்த எண்தான் பதியப்பட்டிருக்கும். 100 மில்லிமீற்றர் போ என்று சொல்லி, அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 98.5தான் போயிருந்தால், 800ஐ 100ஆல் பெருக்கி 98.5ஆல் பிரியுங்கள். வருகிற 812 என்ற எண்ணை அந்தத் திசைக்குப் பதிய வேண்டும். மாற்றுமுன் எல்லாத் திருகாணிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். பல நேரம் பிழை எண்ணில் இருக்காது, தளர்ந்த திருகாணியில் இருக்கும்.

வெட்டும் மோட்டரை முதன்முதலாக ஓடவிடும் முன் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். இதை எந்தக் கையேடும் எழுதாது. அந்த மோட்டர் நிமிடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்றை எட்டும்போது எழும் ரீங்காரம் வன்னியில் இருந்தவர்களுக்குப் புதியது அல்ல. தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானத்தை எங்கள் சனம் 'வண்டு' என்று சொல்லும். முதல் நாள் நான் ஆளியைப் போட்டதும் அம்மா குசினியிலிருந்து முற்றத்துக்கு வந்து மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நிப்பாட்டு" என்றார். இப்போது பழகிவிட்டார். ஆனாலும் தொடங்குமுன் "அம்மா, மெசின் போடப் போறன்" என்று குரல் கொடுக்காமல் நான் ஆளியைத் தொடுவதில்லை. மெசினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் சத்தம் ஓரளவு குறையும்.

முதல் வேலைக்குப் பலகையே வேண்டாம். வெட்டும் பிட்டுக்குப் பதிலாக ஒரு குமிழ்முனைப் பேனையை மோட்டரோடு ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். மேசையில் ஒரு தாளை ஒட்டுங்கள். மோட்டர் சுழலாதபடி அதன் வயரைக் கழற்றிவிடுங்கள். இப்போது மெசின் எழுதும். பிழைத்தால் போவது ஒரு தாள்தான். நான் ஒரு கிழமை முழுக்கப் பேனையோடுதான் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதுவித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தி இரண்டாம் நாளே என்னைவிட வேகமாகக் கோப்புத் தயாரித்தாள்.

மெசினுக்குக் கொடுக்கும் கட்டளைக்கு ஜி-கோட் என்று பெயர். பார்க்கப் பயமாக இருந்தாலும் பத்துச் சொல்லுக்குள் அடங்கும் மொழி அது. 'ஜி21' என்றால் அளவு மில்லிமீற்றரில். 'ஜி90' என்றால் எல்லாத் தூரமும் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்படும். 'ஜி0' என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. 'ஜி1' என்றால் வெட்டிக்கொண்டு போ. 'எஃப்300' என்றால் நிமிடத்துக்கு 300 மில்லிமீற்றர் வேகம். 'எம்3' மோட்டரைச் சுழல விடும், 'எம்5' நிறுத்தும். படத்தை வரைந்தால் இதைக் கணினியே எழுதிவிடும். வரைவதற்கு இங்க்ஸ்கேப், கட்டளையாக மாற்றுவதற்கு ஃப்ரீகாட், மெசினுக்கு அனுப்புவதற்கு கேண்டில். மூன்றும் இலவசம், மூன்றையும் ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு சதுரத்துக்கான கட்டளையை ஒருதரமாவது கையால் எழுதிப் பாருங்கள். பிறகு திரையில் ஓடும் வரிகளைப் பார்த்தே பிட் எங்கே போகப் போகிறது என்று சொல்லிவிடலாம். பிழையான வரி வரும்போது கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய விசயம் பூச்சியப் புள்ளி. மெசினுக்குப் பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பலகையே இல்லாவிட்டாலும் அது வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். பலகையின் இடது முன் மூலைக்கு நேரே பிட்டைக் கொண்டுபோய், 'இதுதான் பூச்சியம்' என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உயரத்துக்கு ஒரு பழைய முறை உண்டு. மோட்டர் நின்றிருக்கும்போது பிட்டுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு தாளை வையுங்கள். தாளை முன்னும் பின்னும் இழுத்தபடியே பிட்டைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். தாள் உரசிப் பிடிக்கும் இடம் பலகைக்கு மேலே ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். என்னிடம் முறிந்த பிட்டுகளில் பாதி இந்தப் பூச்சியத்தைப் பிழையாக வைத்ததால் முறிந்தவை.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு சீவலை எடுக்க வேண்டும். 3.175 மில்லிமீற்றர் பிட், இரண்டு பல், மரத்தில் ஒரு பல்லுக்கு 0.02 மில்லிமீற்றர் என்று வைப்போம். மோட்டர் 9000 சுற்று. 9000ஐ 2ஆல் பெருக்கி 0.02ஆல் பெருக்கினால் 360. ஆகவே நிமிடத்துக்கு 360 மில்லிமீற்றர். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து நூறில் ஓட்டுபவர்கள் உண்டு. அப்போது பல் மரத்தை வெட்டாது, தேய்க்கும். பிட் சூடேறும், மரம் கருகும். கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறு சீவலாக இருந்தால் நல்லது. மாவாக இருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றர் ஆழம் போதும். இந்தச் சட்டம் அதற்கு மேல் தாங்காது, வளையும்.

இனி மரம். பக்கத்து வீட்டுத் தச்சர் என்றேன் அல்லவா, அவருக்கு வலக்கையில் இரண்டு விரல் இல்லை. 2009இல் எறிகணையில் போனது. முதல் நாள் மெசின் எழுத்து வெட்டுவதை நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உது எழுத்தைத்தானே பாக்குது. பலகையை ஆர் பாக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எந்த மென்பொருளிலும் இல்லை. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே கணு, எங்கே ஈரம் என்று மெசினுக்குத் தெரியாது. ஆகவே கணினி தெரிந்த இளைஞரைவிட மரம் தெரிந்த தச்சர் இந்த மெசினை வேகமாகப் பழகுவார். நான் இதைக் கண்ணால் கண்டேன். கணினிப் பகுதியை இரண்டு கிழமையில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மரத்தை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது.

தொடங்குபவருக்கு மலைவேம்பு நல்லது. மிருதுவானது, மெசினை வருத்தாது. பலா நன்றாக வெட்டுப்படும், விளிம்பு சுத்தமாக நிற்கும். வேம்பில் நார் ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் சில இடங்களில் பிய்ந்து வரும். தேக்கு பார்வைக்கு அழகு, ஆனால் அதில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் பிட்டின் முனை சீக்கிரம் மழுங்கும். முதிரையும் பாலையும் இந்தச் சின்ன மெசினுக்குக் கூடாத மரங்கள் அல்ல, ஆனால் ஆழத்தைப் பாதியாகக் குறைத்துப் பொறுமையாக ஓட்ட வேண்டும். பனை தனி இனம். கருமையான வைர நார்களும் இடையில் மென்மையான பகுதியும் மாறி மாறி இருப்பதால் பிட் ஒரு நாரை வெட்டும், அடுத்ததை இழுக்கும். கூரான புதுப் பிட் இல்லாமல் பனையில் கை வைக்க வேண்டாம். பொதி வந்த பெட்டிகளின் பைன் பலகையும் பழக ஏற்றது, ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பாவித்தால்.

ஆணியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எங்கள் பகுதி மரத்தில் உண்டு. உடைந்த வீட்டுக் கூரையிலிருந்து எடுத்த ஒரு பழைய பலகையில் கோயிலுக்கு ஒரு பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது எழுத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிட் முறிந்து முகத்துக்குப் பக்கத்தால் பறந்தது. கண்ணாடி போட்டிருந்தேன். பலகையைத் தோண்டிப் பார்த்தால் சோளம் அளவில் ஒரு எறிகணைச் சிதறல். மேலே மரம் மூடி, தழும்பு கூடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பழைய பலகையையும் முதலில் காந்தத்தால் தடவுகிறேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு நூலில் கட்டியது. இரும்பு இருக்கும் இடத்தில் நூல் சரியும். ஆனால் செம்பும் ஈயமும் காந்தத்துக்கு அகப்படாது. துப்பாக்கிச் சன்னங்களில் அவை இருக்கும். அதற்குக் கண்தான் வேண்டும். பலகையைச் சீவிய பிறகு பாருங்கள். இரும்பு பட்ட மரம் நீலம் கலந்த கறுப்பாகக் கறைபட்டிருக்கும். நார் ஒரு இடத்தில் காரணமில்லாமல் சுழித்து ஓடினால் அங்கே ஏதோ புகுந்த காயம் ஆறியிருக்கிறது என்று அர்த்தம். சிறு சிதறல் என்றால் உளியால் எடுக்கலாம். துண்டாக இல்லாமல் முழுப் பொருளாக ஏதும் தெரிந்தால் தொடாமல் விலகிப் பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ சொல்ல வேண்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம். எம்டிஎஃப் பலகை மலிவு என்று எல்லோரும் அதில் தொடங்குகிறார்கள். அதன் தூளில் பசையும் கலந்திருக்கிறது, அடைத்த அறையில் வெட்டக் கூடாது. கையுறை போட வேண்டாம், சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சாரத்தின் தொங்கல், தாவணி, அவிழ்ந்த தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நம்மிடையே காயப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மெசினில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும். பிட்டை மாற்ற இரண்டு ஸ்பனர் தேவை. ஒன்று தண்டைப் பிடிக்க, மற்றது நட்டைச் சுழற்ற. இதை ஒரு கையால் செய்ய முடியாது. தச்சர் ஒரு மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, தண்டைப் பிடிக்கும் ஸ்பனரை அதில் இறுக்கிவிட்டார். இப்போது ஒரு கையே போதும். நிறுத்தும் பொத்தான் மெசினின் எந்தப் பக்கம் இருந்தாலும், நீங்கள் எந்தக் கையால் வேலை செய்கிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு வயரை நீட்டிக் கொண்டுவாருங்கள். காது கேட்காதவர்களுக்கு இன்னொரு சிரமம். மெசின் சரியாக வெட்டுகிறதா என்பதை அனுபவப்பட்டவர்கள் சத்தத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். செல்லடியில் செவிப்பறை போன ஒரு தம்பி எங்களிடம் வருகிறான். அவன் மேசையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்திருப்பான். அதிர்வு மாறினால் எனக்குக் கேட்கும் முன் அவனுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து வெட்டுவது தனிப் பாடம். இணையத்தில் உள்ள விளக்கங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. இங்க்ஸ்கேப்பில் உள்ள ஒற்றைக்கோட்டு எழுத்துகளில் தமிழ் இல்லை. ஆகவே சாதாரண எழுத்துருவைத்தான் பாவிக்க வேண்டும். பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டில் அடித்தாலும், எழுத்தைக் கோடாக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டே சேமியுங்கள். அப்போது எந்தக் கணினியிலும் உருவம் மாறாது.

3.175 மில்லிமீற்றர் பிட் அதைவிட ஒடுங்கிய இடத்துக்குள் போகாது. மென்பொருள் அதைப் பிழை என்று சொல்லவும் செய்யாது, அந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்ணன்' என்று வரைந்தால் பலகையில் 'கணணன' என்று வரும். ஒரு வீட்டுப் பெயரை இப்படி வெட்டிக் கொடுத்து வெட்கப்பட்டது நான்தான். எழுத்தைப் பெரிதாக்க இடமில்லை என்றால் முனை கூரான பிட்டைப் பாவியுங்கள். 60 பாகைக் கூர் பிட், ஒரு மில்லிமீற்றர் ஆழத்தில் 1.15 மில்லிமீற்றர் அகலக் கோடு போடும். பலகையை ஊடறுத்து எழுத்தை வெட்டுவதானால் 'ண', 'ஞ', 'ஓ' போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். ஒரு சிறு பாலம் விட்டு வரைய வேண்டும்.

மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டது. மின்சாரம் போன கணத்திலேயே மெசின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆகவே திரும்பக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில்தான் பூச்சியம் வைக்க வேண்டும். நான் மேசைப் பலகையில் இரண்டு சட்டங்களை 'ட' வடிவில் நிரந்தரமாக அடித்திருக்கிறேன். வெட்டும் பலகையை அதன் மூலைக்குள் தள்ளி இறுக்குவேன். மின்சாரம் வந்ததும் அதே மூலையில் பூச்சியம் வைத்து, நின்ற வரியிலிருந்து தொடருவேன்.

இனிக் கடன் எடுத்தவருக்கு வருவோம். 'மாதம் இவ்வளவு உழைக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினார். கிழமைக்குக் கிழமை தவணை. அவரோடு இருந்து ஒரு கணக்குப் போட்டேன். அதை இங்கே வைக்கிறேன். 20 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் பலகையில் எழுத்து மேலே எழும்பி நிற்க வேண்டும், சுற்றியுள்ள இடம் 3 மில்லிமீற்றர் இறங்க வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். பிட் ஒவ்வொரு ஓட்டத்திலும் 1.27 மில்லிமீற்றர் நகர்ந்து வெட்டினால் 79 ஓட்டம், மொத்தம் ஏறத்தாழ 15,800 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 360 என்றால் 44 நிமிடம். அது அரை மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும். ஆறு அடுக்குக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல். எழுத்து பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் பெரிதாகக் குறையாது. இடையில் பிட் முறியலாம், மின்சாரம் போகலாம். ஒரு நாளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பட்டறைகளில் உள்ள பெரிய மெசின் இதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும். அவர்களோடு விலையில் போட்டிபோட இந்த மெசினால் முடியாது. அதே பெயரைக் கூர் பிட்டால் குழிவாக வெட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும்.

கோழியும் ஆடும் தையல் மெசினும் கொடுத்துவிட்டு 'வாழ்வாதாரம்' என்று படம் எடுத்துக்கொண்டு போன காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பதையும் கண்டவர்கள். இந்தச் சின்ன மெசின் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்குள் அடங்கும் பொருள்தான், ஆனால் அந்தப் பணமும் கடனாக இருக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் இது உழைத்துத் தராது. பிட்டையும் பலகையையும் தின்னும். கையில் மிஞ்சிய காசு இருந்தால், அல்லது யாராவது அனுப்பினால், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வைத்துப் பழகினால், நல்லது. தவணைக்கு வாங்குவதென்றால் வேண்டாம்.

கடன் எடுத்தவர் மெசினை வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்றுக் கடனில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். சனிக்கிழமைகளில் எங்களிடம் வந்து என் மெசினில் பழகுகிறார். தச்சரும் நாங்களும் இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டோம். எழுத்தின் கோட்டை மெசின் குழிவாக வெட்டும். பூவேலையையும் விளிம்பையும் தச்சர் இடக்கையில் உளி பிடித்து முடிப்பார். போன மாதம் ஏழு பெயர்ப்பலகையும், தையற்காரி ஒருவருக்குச் சட்டைக் கழுத்து வெட்டும் அளவுப் பலகை ஒரு தொகுதியும் செய்தோம்.

போன ஞாயிறு தம்பி எடுத்தான். பெரிய மெசின் ஒன்று மலிவாக வந்திருக்கிறதாம், அடுத்த கப்பலில் போடட்டா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். 3.175 தண்டில் இரண்டு பல் பிட் முப்பது, 60 பாகைக் கூர் பிட் பத்து, நல்ல வேர்ணியர் அளவுகோல் ஒன்று, பாதுகாப்புக் கண்ணாடி நாலு. எழுதிக்கொண்டான்.